பாதாள சாக்கடை இணைப்பு: தெருவோடு நின்றுவிடும் அரசுப் பணம்

வாசகர் கேள்வி, 2024 ஜூலை 6

"எங்கள் தெருவில் பாதாள சாக்கடைக் குழாய் போட்டு முடித்துவிட்டார்கள். இப்போது வீட்டு இணைப்புச் செலவையும் அரசே ஏற்கவேண்டும் என்று குடியிருப்போர் சங்கத்தில் மனு எழுதுகிறார்கள். கழிப்பறை என் வீட்டில் இருக்கிறது, கழிவும் என்னுடையது. இதற்கு ஊரார் வரிப்பணம் எதற்கு? மின் இணைப்புக்கு டெபாசிட் கட்டினோம், குடிநீருக்குக் கட்டினோம், இதற்கும் கட்டிவிட்டுப் போகவேண்டியதுதானே?"

ஜூலை 6, இரவு

மின் இணைப்பு வாங்காவிட்டால் உங்கள் வீடு இருட்டில் கிடக்கும். கழிவுநீர் இணைப்பு வாங்காவிட்டால் உங்களுக்கு ஒரு குறையும் வராது. அடையாற்றுக்குத்தான் வரும். செலவு ஒருவருக்கு, பலன் ஊருக்கு என்றால் எவரும் அவசரப்பட்டுக் கையை நீட்டமாட்டார்கள். ஊர்ப் பணம் வேண்டும் என்று சொல்வதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆதம்பாக்கத்தில் சானிட்டரி கடை வைத்திருக்கிறேன். குழாய் விற்கிறவன் இலவச இணைப்பை ஆதரிக்காமல் வேறு என்ன செய்வான் என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

ஜூலை 7

"சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் போதாதா, வீட்டு வாசலுக்கு ஏன் வருகிறீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். நாட்டின் நகர்ப்புறங்களில் நாளொன்றுக்கு உண்டாகும் கழிவுநீர் 72,368 மில்லியன் லிட்டர். அதைச் சுத்திகரிக்க நிறுவிய திறன் 31,841 மில்லியன் லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 20,236 மில்லியன் லிட்டர். முதல் இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள பள்ளத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான் பேசவந்தது பின்னிரண்டுக்கும் இடையிலுள்ளது. கட்டிய நிலையத்துக்கே முழு வேலை இல்லை. பழுதாகிக் கிடப்பது ஒரு காரணம். கழிவுநீர் வந்து சேராதது இன்னொரு காரணம். நிலையத்துக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. வீட்டு இணைப்புக்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்?

இன்னொன்று. செப்டிக் டேங்க் இருக்கும் வீடு ஆற்றுக்குத் தீங்கு செய்வதில்லை என்று பலர் நம்புகிறார்கள். நம் பக்கத்துப் பெரும்பாலான வீடுகளில் டேங்குக்குள் போவது கழிப்பறைத் தண்ணீர் மட்டும். குளித்தது, துவைத்தது, பாத்திரம் கழுவியது எல்லாம் நேராகத் தெரு வடிகாலுக்குப் போகிறது. பெருநகரத்தில் ஆளுக்கு 135 லிட்டர் குடிநீர் என்றும், அதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும் என்றும் பொறியாளர்கள் கணக்கு வைக்கிறார்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் 400 லிட்டருக்கு மேல் வருகிறது. அதில் டேங்குக்குள் போவது சிறு பங்குதான்.

ஜூலை 8

சென்னையை ஒட்டிய எங்கள் ஆலந்தூரை யாராவது இந்தப் பேச்சுக்குள் இழுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். மதுரை நண்பர் இழுத்துவிட்டார்: "ஆலந்தூரில் மக்கள் தாங்களே பணம் கட்டவில்லையா?"

கட்டினார்கள். எங்கள் வீட்டிலும் கட்டினோம். 1990-களின் பிற்பகுதி, ஆர்.எஸ்.பாரதி நகராட்சித் தலைவராக இருந்த காலம். வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை. இணைப்பு வந்தபின் மாதம் 150 ரூபாய். குழாய் இன்னும் மண்ணுக்குள் போகவில்லை, பணம் முதலில் வேண்டும் என்றார்கள். கடை அப்போது அப்பாவிடம் இருந்தது. "தோண்டாத பள்ளத்துக்கு ஐயாயிரமா?" என்று ஒரு வாரம் முணுமுணுத்தார். பிறகு போய்க் கட்டினார். ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்.

திட்டத்தின் மொத்தச் செலவு ஏறக்குறைய 34 கோடி. தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் கடனும் மானியமும் அதில் இருந்தன. பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி நடத்தினார்கள். நாடு முழுவதிலுமிருந்து அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதன்பிறகு தமிழ்நாட்டின் மற்ற நகராட்சிகளிலும் 'முதலில் டெபாசிட்' என்பது வழக்கமாகிவிட்டது.

ஆகவே கேள்வி கேட்டவர் பக்கம் நியாயமில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆலந்தூர்க்காரர்கள் ஏன் கட்டினார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். மழைக்காலத்தில் டேங்க் பொங்கும். லாரியைக் கூப்பிட்டால் நாளைக்கு, நாளை மறுநாள் என்பார்கள். கொசுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தொல்லை வீட்டுக்குள் இருந்ததால் பணம் வெளியே வந்தது. கையில் கொஞ்சம் மீதம் வைத்திருக்கிற நடுத்தரக் குடும்பங்கள் அங்கே நிறைய. அந்தக் கணக்கை அப்படியே தூக்கிக் கொண்டுபோய்த் தினக்கூலிக்காரர் தெருவில் வைத்தால் நிற்குமா?

ஜூலை 10

இப்போது என் அக்கா வீட்டுக்கு வருகிறேன். ஊர் பெயர் வேண்டாம், தெற்குப் புறநகரில் ஒரு நகராட்சி.

அரை கிரவுண்டு மனை. அத்தான் 1980-களில் கட்டிய வீடு. அந்தக் காலத்து வழக்கப்படி கழிப்பறை கொல்லையில், அதற்கும் பின்னால் மதிலை ஒட்டி செப்டிக் டேங்க். பாதாள சாக்கடை வந்திருப்பது முன்வாசல் தெருவில். நடுவில் வீடு நிற்கிறது. பக்கச் சந்தின் அகலம் இரண்டரை அடி. அதிலும் மோட்டார், துவைக்கும் கல், மச்சினியின் செம்பருத்தித் தொட்டிகள்.

கொல்லையிலிருந்து தெருச் சேம்பர் (வீட்டுக் குழாய் வந்து சேரும் தொட்டி) வரை 60 அடி. நாலு அங்குலக் குழாய்க்கு அறுபதுக்கு ஒன்று வாட்டம் கொடுக்கவேண்டும். அதாவது அறுபது அடிக்கு ஓர் அடி இறக்கம். இங்கேதான் கதை. அந்த வீடு கட்டியபோது வாசலில் மூன்று படி ஏறி உள்ளே போவோம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே சாலை போட்டுப் போட்டு இன்று ஒரு படிதான் மிச்சம். கொல்லைக் கழிப்பறையின் தரையோ வீட்டுத் தரையைவிடவும் கீழே. மேஸ்திரி டியூப் லெவலில், அதாவது மட்டம் பார்க்கும் பிளாஸ்டிக் குழாயில், தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு, கழிப்பறையிலிருந்து வாசல்வரை சுவரில் பென்சில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். வாட்டத்துக்கும் சேர்த்து இறக்கிப் பார்த்தால் சேம்பரின் துளை நம் குழாய்க்கு அரை அடி மேலே இருந்தது. தண்ணீர் மேட்டில் ஏறவேண்டும்.

வழி இரண்டு. கழிப்பறைத் தரையை உடைத்து உயர்த்துவது ஒன்று. உயர்த்தினால் படி வைக்கவேண்டும், அக்காவுக்கு முழங்கால் வலி. கழிப்பறையையே முன்பக்கம் கொண்டுவந்து கட்டுவது மற்றொன்று. எதைச் செய்தாலும் நாற்பதாயிரத்துக்குக் குறையாது என்றார் மேஸ்திரி. கடைக்காரன் விலையில் சாமான் நான் கொடுத்தும் அந்தக் கணக்கு. நகராட்சிக்குக் கட்டவேண்டிய வைப்புத்தொகை இதற்குப் பக்கத்தில் நிற்காது.

'இணைப்புச் செலவு' என்று நாம் இங்கே சண்டை போடுவது டெபாசிட்டைப் பற்றி. உண்மைச் செலவு மதிலுக்கு உள்ளே இருக்கிறது. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

ஜூலை 10, பிற்பகல்

"சேம்பரை ஆழமாக வைத்திருக்கலாமே?" வைத்திருக்கலாம். வீட்டுக்குள் எட்டிப் பார்த்துக் கழிப்பறை எங்கே இருக்கிறது, எந்த மட்டத்தில் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளும் வேலை யாருடைய ஒப்பந்தத்திலும் இல்லை. எத்தனை மீட்டர் குழாய், எத்தனை மேன்ஹோல் என்பதற்குத்தான் பில்.

ஜூலை 11

உறைகிணறு இறக்கிச் சோக்பிட் (கழிவுநீரை மண்ணில் ஊறவிடும் குழி) போட்டால் போதும், சாக்கடையே வேண்டாம் என்கிறார் ஒருவர். இரண்டு ஏக்கர் தோப்பு வீடு உங்களுக்கு இருந்தால் வாழ்த்துகள். அரை கிரவுண்டு மனையில் போர்வெல்லும் சோக்பிட்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கும். டேங்க் நீரை மண்ணுக்குள் விட்டு, அதே மண்ணிலிருந்து உறிஞ்சி, ஆர்.ஓ. மெஷினில் வடிகட்டிக் குடிப்பதற்கு 'சிக்கனம்' என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

ஜூலை 13

கள்ள இணைப்பைப் பற்றி எழுதாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது.

மழைநீர் வடிகால் வீட்டு வாசலிலேயே ஓடுகிறது. ஆழம் குறைவு, பக்கச் சுவரில் ஒரு துளை போட்டால் முடிந்தது. இரவோடு இரவாக, ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், இரண்டு நீளக் குழாய், ஒரு பெண்ட் (வளைவுக் குழாய்). என் கடையிலேயே வாங்கிப் போகிறார்கள். எதற்கு என்று நான் கேட்பதில்லை. கேட்டால் பக்கத்துக் கடைக்குப் போவார்கள். மாநகராட்சி கண்டுபிடித்தால் துண்டிக்கிறது, அபராதம் போடுகிறது. ஆனாலும் கூவத்திலும் அடையாற்றிலும் பக்கிங்காம் கால்வாயிலும் கோடையில் ஓடுவது எது? சித்திரை மாதத்தில் மழைநீரா ஓடுகிறது? முகத்துவாரத்தில் மணல் திட்டு அடைத்துக்கொள்ளும் மாதங்களில் அது கடலுக்குக்கூடப் போகாமல் தேங்கி நிற்கிறது. பாலத்தைக் கடக்கும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம்பிடித்தவர் படும் பாடு எல்லோருக்கும் தெரியும்.

அரசு உதவி எவ்வளவு இருக்கவேண்டும் என்று கேட்டவருக்கு என் அளவுகோல் இது: முறையான இணைப்பு கள்ள இணைப்பைவிட மலிவாக இருக்கவேண்டும். தப்பு செய்ய இரண்டாயிரம், ஒழுங்காக இருக்க நாற்பதாயிரம் என்று வைத்துவிட்டு, மக்களுக்குப் பொறுப்பில்லை என்று மேடையில் பேசினால் கேட்கிறவனுக்குச் சிரிப்புத்தான் வரும்.

ஜூலை 14

இலவச இணைப்பு எங்கே கொடுத்தார்கள் என்றால், டெல்லியில். 2019 நவம்பரில் அங்கே முதலமைச்சரின் இலவசக் கழிவுநீர் இணைப்புத் திட்டத்தை அறிவித்தார்கள். இணைப்புக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், சாலை வெட்டுக் கட்டணம் எல்லாம் தள்ளுபடி. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் தேர்தல் என்பதை நினைவூட்டிய நண்பருக்கு நன்றி, எங்களுக்கும் காலண்டர் பார்க்கத் தெரியும். தேர்தலுக்காகச் செய்தாலும் குழாய் குழாய்தான்.

கராச்சியின் ஒரங்கி என்ற ஏழைக் குடியிருப்பை எடுத்துக்காட்டி வேறொருவர் மறுக்கிறார். நல்ல மறுப்பு. 1980-இல் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய அந்தத் திட்டத்தில் மக்கள் சந்து சந்தாகச் சேர்ந்து, தாங்களே பணம் போட்டு, தாங்களே குழாய் பதித்தார்கள். ஒப்பந்தக்காரர் இல்லை, கமிஷன் இல்லை, வரைபடமும் கருவியும் திட்டத்திலிருந்து கிடைத்தன. வீடு, சந்து, துணைச் சாக்கடை மக்கள் பொறுப்பு. பெரிய சாக்கடையும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டார்கள். மக்கள் தங்கள் பங்கை முடித்துவிட்டார்கள். அரசு தன் பங்குக்கு வந்து சேரவில்லை. சந்துச் சாக்கடைகள் எல்லாம் நாலா என்று அங்கே சொல்லும் ஓடைகளில் போய் விழுந்தன. தெரு சுத்தமானது, குழந்தைகளின் நோய் குறைந்தது, கடல் கெட்டது.

நம் கதை அதன் தலைகீழ். இங்கே அரசு பெரிய குழாயையும் நிலையத்தையும் முதலில் போட்டுவிட்டு வீடுகளுக்காகக் காத்திருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் படித்தால் ஒன்று விளங்குகிறது. ஒரங்கியில் செலவு குறைந்ததற்குக் காரணம் மக்கள் பணம் போட்டது அல்ல, இடையில் ஆள் இல்லாதது. நம் ஊரில் அரசே வீட்டு வேலையை எடுத்தால் ஒரு வார்டு முழுவதையும் ஓர் ஒப்பந்தக்காரர் கையில் கொடுத்துவிடுவார்கள். அக்கா வீட்டு நாற்பதாயிரம் எண்பதாயிரமாகப் பில்லில் ஏறும். இதை நினைத்தால் எனக்கே என் வாதத்தில் கொஞ்சம் பயம் வருகிறது.

ஜூலை 17

வாடகைதாரர் ஒருவர் எழுதியிருப்பதைத் தனியாக எடுத்துப் போடுகிறேன். வீட்டுக்காரர் வெளிநாட்டில். நோட்டீஸ் வந்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போகிறார்கள். டேங்க் நிறைந்தால் லாரிக்குக் காசு கொடுப்பது வாடகைதாரர். இணைப்பு வாங்கினால் சொத்தின் மதிப்பு கூடுவது வீட்டுக்காரருக்கு. இங்கே மானியம் கொடுத்தால் அது யாருக்குப் போகிறது? இவருக்கு அல்ல.

இப்படிப்பட்ட வீடுகளுக்கு மானியம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இணைப்பை அரசே போட்டுவிட்டு, செலவைச் சொத்துவரியோடு சேர்த்து வசூலித்துக்கொள்ளட்டும். விற்கும்போதாவது கட்டித்தானே ஆகவேண்டும்.

ஜூலை 18

தவணை முறையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சென்னை மாநகராட்சி 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆகப் பெருத்தபோது 42 உள்ளாட்சிகள் உள்ளே வந்தன. அவற்றில் பலவற்றுக்குச் சாக்கடை என்றால் திறந்த கால்வாய்தான். அந்தப் பகுதிகளை மனதில் வைத்துத்தான் குடிநீர் வாரியம் 'இல்லந்தோறும் இணைப்பு' என்று கொண்டுவந்தது. கட்டணத்தை ஒரே மூச்சில் கேட்காமல் தவணையாக வாங்கிக்கொள்வார்கள். நல்ல ஏற்பாடு. நடுத்தரக் குடும்பத்துக்கு இதுவே போதும். ஆனால் தவணை வாரியக் கட்டணத்துக்குத்தான். மேஸ்திரி தவணைக்கு வேலை செய்யமாட்டார்.

ஜூலை 18, இரவு

ஆக, நான் தொடங்கிய இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்திருக்கிறேன். எல்லோருக்கும் எல்லாம் இலவசம் என்று இப்போது கேட்கமாட்டேன். வசதியுள்ளவர் கட்டணத்தைத் தவணையில் கட்டட்டும். குடிசைப் பகுதிக்கும், ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்களுக்கும், மட்டம் ஒத்துவராத வீடுகளுக்கும் மதிலுக்குள் நடக்கும் வேலைக்கு அரசுப் பணம் வேண்டும். மட்டம் ஒத்துவராதது வீட்டுக்காரர் குற்றமா? சாலையை உயர்த்தியது யார்?

ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணைப் பணத்தை மீட்டர் கணக்கில் கொடுக்கக்கூடாது, ஓடுகிற இணைப்புக் கணக்கில் கொடுக்கவேண்டும். பிரேசிலில் 2001-இல் கொண்டுவந்த ஒரு திட்டத்தில் மத்திய அரசு கட்டடத்துக்குப் பணம் கொடுக்காமல், சுத்திகரித்து வெளியே விட்ட தண்ணீருக்குப் பணம் கொடுத்தது. அதையே நம் தெருவுக்குச் சுருக்கிக்கொள்ளலாம்.

ஜூலை 20

எனக்கு ஒரு கமிஷன் வரவேண்டியிருக்கிறது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு 45 மில்லியன் லிட்டர் வீதம் கழிவுநீரை மூன்றாம் நிலைவரை சுத்திகரிக்கும் நிலையங்கள் 2019-இல் வந்தன. அந்தத் தண்ணீர் தொழிற்சாலைகளுக்கு விலைக்குப் போகிறது. அவர்கள் அதை வாங்கும் அளவுக்கு ஏரித் தண்ணீர் நமக்கு மிச்சம். அதாவது நாம் குளித்த தண்ணீர் மூலப்பொருள். கேள்வி கேட்டவர் "கழிவும் என்னுடையது" என்றாரே, அப்படியானால் விலை பேசிக் கொடுக்கலாமே! விளையாட்டுக்குச் சொன்னாலும், குழாயோடு சேராத வீடு ஒவ்வொன்றும் இந்த வரவில் துண்டு விழ வைக்கிறது.

ஜூலை 23

துப்புரவுப் பணியாளர்களை யாருமே குறிப்பிடவில்லை என்று ஒரு பெண் சுட்டிக்காட்டியிருக்கிறார். சரியான சுட்டல்.

மனிதர் கழிவை மனிதர் அள்ளுவதற்கு எதிரான முதல் சட்டம் 1993-இல், அடுத்தது 2013-இல். 1993 முதல் சாக்கடையிலும் டேங்குகளிலும் இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது, சாவு நிற்கவில்லை.

வீட்டு இணைப்பு வந்தால் டேங்குக்குள் ஆள் இறங்கும் தேவை ஒழியும். அது பெரிய விடுதலை. ஆனால் மேன்ஹோல்கள் பெருகும். குழாய் பதிக்கக் கோடிக்கணக்கில் ஒதுக்கிவிட்டு, அடைப்பு எடுக்கும் இயந்திரத்துக்கு நகராட்சி கையை விரித்தால் மறுபடியும் ஒருவரைத்தான் கயிறு கட்டி இறக்குவார்கள். மானியக் கணக்கில் முதல் வரியாக இயந்திரத்தை எழுதவேண்டும். நாப்கினையும் பழைய துணியையும் கழிப்பறையில் போடுகிறவர்களுக்கு நான் என்ன எழுதினாலும் இங்கே வெளியிடமுடியாது.

ஜூலை 28

கடைசியாக வந்த கேள்வி: "எங்கள் தெருவில் அடுத்த மாதம் தோண்டுகிறார்கள். நாலு அங்குலக் குழாய் போடுவதா, ஆறு அங்குலமா?"

ஒரு குடும்பம் என்றால் நாலு போதும். மாடியில் இரண்டு மூன்று குடித்தனம் என்றால் மதிலிலிருந்து தெருவரை ஆறு போடுங்கள், வாட்டம் நூற்றுக்கு ஒன்று போதும். திருப்பம் வரும் இடத்தில் பெண்ட் மட்டும் போட்டு மூடிவிடாதீர்கள், சிறியதாக ஒரு சேம்பர் கட்டுங்கள். அடைத்தால் அங்கேதான் குச்சி விடவேண்டும். சமையலறைத் தண்ணீருக்குக் கல்லி டிராப் (தண்ணீர் தேங்கி நின்று வாடையை மறிக்கும் அமைப்பு) அவசியம், இல்லாவிட்டால் சாக்கடை வாடை அடுப்படிக்கு வரும்.

குழாய் அளவைவிட முக்கியம், அவர்கள் தோண்டுகிற அன்று வீட்டில் இருங்கள். உங்கள் கழிப்பறை மட்டத்தை முன்கூட்டியே டியூப் லெவலில் எடுத்துச் சுவரில் குறித்து வையுங்கள். சேம்பரை எந்த ஆழத்தில் வைக்கப்போகிறார்கள் என்று உதவிப் பொறியாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மண் மூடிவிட்டால் அந்தச் சேம்பரை இறக்கித் தர யாரும் வரமாட்டார்கள். ஆதம்பாக்கம் பக்கம் வந்தால் லெவல் டியூப் நான் இரவல் தருகிறேன், திருப்பிக் கொடுத்துவிடவேண்டும்.